மணி அடித்ததும் திரும்பினோம்: ஓஹேரிலிருந்து லகார்டியாவுக்கு ஒரு பனிக்காலப் பயணம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரி மாலை. சிகாகோ ஓஹேரில் நியூயார்க் விமானத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளியே பனி விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. இறக்கை மேல் பனி நீக்கும் திரவம் அடித்தார்கள், ரன்வே வரிசையில் போய் நின்றோம். எங்களுக்கு முன்னால் நான்கைந்து விமானங்கள்தான் மிச்சம். அப்போது கேப்டன் அறிவித்தார்: நேரம் கடந்துவிட்டது, மறுபடியும் போய்த் திரவம் அடித்துக்கொண்டு வர வேண்டும். கேபின் முழுக்க முணுமுணுப்பு. நானும் கோபப்பட்டேன். மறுநாள் காலை மீட்டிங். இவ்வளவு நேரம் நின்றாயிற்று, இன்னும் ஐந்து நிமிடத்தில் பறந்திருக்கலாமே என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் புலம்பினேன்.

அந்தக் கேப்டன் செய்தது எவ்வளவு சரி என்பது எனக்குப் புரிந்தது போன குளிர்காலத்தில், என் வீட்டு மேசையில், அதே பாதையை சிமுலேட்டரில் ஓட்டியபோதுதான்.

வீட்டில் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், ஃபிளைபைவயர் குழு இலவசமாகத் தரும் ஏ320 நியோ, ஒரு ஜாய்ஸ்டிக், அவ்வளவுதான். பயணத் திட்டத்துக்கு சிம்பிரீஃப். வார இறுதிகளில், சிமுலேட்டர்காரர்கள் இணையத்தில் ஒன்றுசேரும் வாட்சிம் வலையமைப்பில் சேர்ந்து பறப்பேன். அங்கே கன்ட்ரோலர்களாக இருப்பவர்கள் எல்லாருமே தன்னார்வலர்கள், முறையாகப் பயிற்சி எடுத்தவர்கள். கூட்டம் உள்ள இரவுகளில் ஓஹேரில் ரன்வேக்கு ஊர்ந்து போகும் பாதையான டாக்ஸிவேயில் நிஜத்தைப் போலவே வரிசை நிற்கும். பத்து வயது மகள்தான் எனக்குத் துணை விமானி. செக்லிஸ்ட் படிப்பது அவள் வேலை.

அன்று சிகாகோவில் மைனஸ் 6 டிகிரி, வடகிழக்குக் காற்றோடு பனி. நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் மைனஸ் 1, பனிப்பொழிவு, முக்கால் மைல் பார்வைத் தூரம், மேகம் 600 அடியில். கிழக்குக் கரையை ஒட்டி மேலேறும் புயல் வந்தால் நியூயார்க்கில் வடகிழக்குக் காற்று அடிக்கும், லகார்டியாவில் ரன்வே 4இல் இறக்குவார்கள். அன்றும் அப்படித்தான்.

திட்டம் போடும்போது நான் முன்பு செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். லகார்டியாவில் இறங்க முடியாவிட்டால் எங்கே போவது? முதல் முறை இதே பாதையில் பறந்தபோது கிட்டத்தில் இருக்கிறதே என்று நூவர்க்கைப் போட்டிருந்தேன். லகார்டியாவை மூடவைக்கிற புயல் நூவர்க்கை மட்டும் விட்டுவைக்குமா? இரண்டும் ஒரே மேகத்தின் கீழ்தான் இருக்கின்றன. கோடை மழைக்கு அது பொருந்தலாம், கரையை முழுசாக மூடுகிற பனிப்புயலுக்குப் பொருந்தாது. அதனால் இந்த முறை உள்நாட்டுப் பக்கம் தள்ளி, பிட்ஸ்பர்க்கைப் போட்டேன். சுமார் 290 கடல்மைல். எரிபொருள் கூடத்தான் செய்யும், கூடட்டும்.

கணக்கு இப்படி வந்தது. பயணத்துக்கு 4.3 டன், எதிர்பாராததற்கு 0.2, பிட்ஸ்பர்க் போக 2.2, அதற்கு மேல் 45 நிமிடக் கையிருப்பு 1.8, வானில் அரை மணி நேரம் சுற்ற 1.2. ஆகமொத்தம், ரன்வேயில் ஓடத் தொடங்கும்போது 9.7 டன் இருந்தாக வேண்டும். தரையில் ஊர்வதற்கு சிம்பிரீஃப் வழக்கமாகப் போடும் கொஞ்சத்தை அழித்துவிட்டு 1 டன் போட்டேன். பனி நாளில் என்ஜின் ஓடிக்கொண்டே நிற்கும் நேரம்தான் கணக்கைக் கவிழ்க்கும். நிமிடத்துக்குச் சுமார் 10 கிலோ என்று வைத்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் 900 கிலோ போய்விடும். மொத்தம் 10.7 டன் நிரப்பினேன். இந்த ஒரு டன் பிறகு எப்படிக் கைகொடுத்தது என்று பாருங்கள்.

பனி நீக்கும் வேலைக்கு, அதாவது டீஐசிங்குக்கு, வருவோம். விமானத்தின் மேல் இரண்டு வகைத் திரவம் அடிப்பார்கள். முதலில் ஆரஞ்சு நிறத்தில், சூடாக, தண்ணீர் போல ஓடும் முதல் வகை. ஏற்கெனவே படிந்திருக்கும் பனியை உருக்கிக் கழுவுவது அதன் வேலை. அதற்கு மேல் பச்சை நிறத்தில், பாகு போலக் கெட்டியான நான்காம் வகை. அது இறக்கை மேல் ஒட்டிக்கொண்டு, புதிதாக விழும் பனியைக் கொஞ்ச நேரம் உறிஞ்சித் தாங்கும். விமானம் வேகமெடுக்கும்போது காற்றில் வழிந்து போய்விடும்.

அந்தக் ‘கொஞ்ச நேரம்’தான் எல்லாமே. அதற்கு ஹோல்ட்ஓவர் நேரம் என்று பெயர். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் இதற்கான அட்டவணைகளை வெளியிடுகிறது, யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். திரவத்தின் வகை, வெப்பநிலை, பனி எவ்வளவு அடர்த்தியாக விழுகிறது என்பதை வைத்து நேரம் மாறும். அன்றைய பனிக்கு நான் எடுத்துக்கொண்ட எல்லை 40 நிமிடம். பலர் சறுக்குவது எங்கே என்றால், இந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவது கடைசிப் பூச்சு முடிந்த நேரத்திலிருந்து அல்ல, கடைசிப் பூச்சை ஆரம்பித்த நேரத்திலிருந்து. இறக்கையில் முதலில் பூச்சு விழுந்த இடம் அப்போதே பனியை வாங்க ஆரம்பித்துவிட்டது இல்லையா?

என்னிடம் உள்ள அமைப்பில் திரவத்தின் ஆயுளை சிமுலேட்டர் கணக்கு வைப்பதில்லை. வண்டி வந்து அடிக்கும், புகை மாதிரி ஆவி பறக்கும், அவ்வளவுதான். அதனால் நாமே கடிகாரம் வைக்க வேண்டும். மகள் சமையலறையிலிருந்து டைமரை எடுத்து வந்தாள். அவள் அம்மா இட்லி வேகவைக்கும்போது திருகி வைக்கிற அந்த வட்ட டைமர்.

டீஐசிங் இடத்துக்குள் போகும்போது ஃபிளாப்ஸ், அதாவது இறக்கையின் பின்விளிம்பு மடல்கள், மேலேதான் இருக்க வேண்டும். என்ஜினிலிருந்தும் துணை என்ஜினிலிருந்தும் கேபினுக்குக் காற்று எடுப்பதை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் திரவத்தின் ஆவி உள்ளே வந்துவிடும். ஏ320இல் ‘டிட்சிங்’ என்றொரு பொத்தான் உண்டு. தண்ணீரில் இறங்க நேர்ந்தால் உடம்பின் அடிப்பக்க வால்வுகளை மூடுவதற்கானது. டீஐசிங்கின்போதும் அதைத்தான் அழுத்துகிறோம். முடிந்த பிறகு குறைந்தது ஒரு நிமிடம் பொறுத்துத்தான் காற்றைத் திறக்க வேண்டும். சிமுலேட்டரில் இதைச் செய்யாவிட்டாலும் எதுவும் ஆகாதுதான். ஆனாலும் செய்வேன். கைக்குப் பழக வேண்டும்.

பச்சைத் திரவம் விழ ஆரம்பித்ததும், “இப்ப வை பாப்பா” என்றேன். அவள் டைமரை 40இல் திருகி, ஜாய்ஸ்டிக் பக்கத்தில் வைத்தாள்.

வெளியே வந்தோம். ரன்வே 10 லெஃப்ட். 13,000 அடி நீளம், ஓஹேரின் மிக நீளமான ரன்வே. டாக்ஸிவேயில் சேறு மாதிரி பனி கிடப்பதாக வைத்துக்கொண்டு, ஃபிளாப்ஸை இறக்காமலே ஊர்ந்தேன். சக்கரம் தெறிக்கும் சேறு ஃபிளாப்ஸில் போய் உறைந்துவிடும் என்பதால், அப்படிப்பட்ட நாளில் ரன்வேக்குப் பக்கத்தில் போய்த்தான் இறக்குவார்கள். இதில் ஒரு ஆபத்து: வழக்கமான வரிசை மாறுவதால் இறக்கவே மறந்துவிடலாம். ஒரு மஞ்சள் காகிதத்தில் ‘ஃபிளாப்ஸ்’ என்று எழுதி, என்ஜின் விசையைக் கூட்டும் த்ரஸ்ட் லீவரில் ஒட்டிவைத்தேன்.

வரிசை நகரவே இல்லை. லகார்டியாவில் இறங்கும் எண்ணிக்கையைக் குறைத்திருந்தார்கள், அதனால் அங்கே போகிறவர்களை இடைவெளி விட்டுத்தான் அனுப்பினார்கள். 20 நிமிடம் ஆயிற்று. 30 ஆயிற்று. முன்னால் ஆறு விமானம், அப்புறம் ஐந்து, அப்புறம் மூன்று. எனக்குள் அதே பழைய கணக்கு ஓட ஆரம்பித்தது. இன்னும் மூன்றே பேர்தான், ஆளுக்கு இரண்டு நிமிடம்...

டைமர் அடித்தது.

“அப்பா, மணி அடிச்சிருச்சு.”

“தெரியுதும்மா. இன்னும் மூணு பேர்தான் இருக்காங்க.”

“அப்ப திரும்பிப் போகணும்ல? நீங்கதானே சொன்னீங்க.”

உள்ளபடியே சொல்கிறேன், போய்விடலாம் என்றுதான் தோன்றியது. சிமுலேட்டருக்குத் தெரியாது. கன்ட்ரோலருக்கும் தெரியாது. ஒன்றரை மணி நேரம் இதற்காக உட்கார்ந்தாயிற்று. நிஜத்தில், நேரம் தாண்டினாலும் இறக்கையைப் பரிசோதித்துவிட்டு ஐந்து நிமிடத்துக்குள் கிளம்ப வழி உண்டு. ஆனால் இரவில், கொட்டுகிற பனியில், மூன்று விமானத்துக்குப் பின்னால் நிற்கிற எனக்கு அந்த ஐந்து நிமிடம் கிடைக்காது. மைக்கை அழுத்தி, ஹோல்ட்ஓவர் நேரம் முடிந்துவிட்டது, மறுபடி டீஐசிங் வேண்டும் என்றேன். அந்தப் பக்கம் இருந்தவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எந்த டாக்ஸிவே வழியாக வெளியேறி எப்படித் திரும்ப வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். யாரோ தன் வீட்டில் ஹெட்செட்டோடு உட்கார்ந்து, இந்தக் கற்பனைப் பனியை அவ்வளவு மரியாதையாக எடுத்துக்கொண்டது எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது. அந்த நொடியில்தான் மூன்று வருடத்துக்கு முந்தைய கேப்டன் நினைவுக்கு வந்தார். பின்னால் நூற்றுக்கும் மேற்பட்ட கோபக்காரர்களை வைத்துக்கொண்டு அவர் அந்த மைக்கை அழுத்தியிருக்கிறார்.

அவருக்கு ஏன் அந்த உறுதி என்பதற்கு லகார்டியாவிலேயே பதில் இருக்கிறது. 1992 மார்ச் 22 இரவு, பனியில், ஃபோக்கர் எஃப்28 விமானம் ஒன்று அங்கிருந்து கிளீவ்லேண்டுக்குக் கிளம்பியது. இரண்டு முறை திரவம் அடித்திருந்தார்கள். இரண்டாவது முறைக்குப் பிறகு வரிசையில் சுமார் 35 நிமிடம் நின்றது. அன்று பயன்படுத்தியது முதல் வகைத் திரவம் மட்டும்தான். அது அவ்வளவு நேரம் தாங்காது. இறக்கையில் மீண்டும் படிந்த பனியோடு ஓடிய விமானம் சரியாக எழும்பவில்லை. ரன்வேயைத் தாண்டி ஃபிளஷிங் விரிகுடாவில் விழுந்தது. 51 பேரில் 27 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு எஃப்ஏஏ டீஐசிங் விதிகளை இறுக்கியது. இன்று நாம் கடிகாரம் பார்ப்பது அந்த இரவின் தொடர்ச்சி.

மெல்லிய பனிப்படலம் கெடுதல் செய்வது அதன் எடையால் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. உப்புத்தாள் போன்ற சொரசொரப்பு போதும், இறக்கையின் மேல் வழுக்கி ஓட வேண்டிய காற்று முன்கூட்டியே பிரிந்துவிடும். தூக்கும் விசை குறையும், விமானம் வழக்கத்தைவிடக் கூடுதல் வேகத்திலேயே ஸ்டால் ஆகும், அதாவது தூக்கும் விசையை இழந்துவிடும். எச்சரிக்கைக் கருவி விழிக்கும் முன்பே அது நடந்துவிடலாம்.

இரண்டாம் முறை வரிசை குறைவு. 22 நிமிடத்தில் ரன்வேக்கு வந்துவிட்டோம். எரிபொருளைப் பார்த்தேன்: 9.8 டன். தேவை 9.7. அந்த ஒரு டன்னை மட்டும் போடாமல் இருந்திருந்தால் கேட்டுக்கே திரும்பியிருக்க வேண்டும்.

ஃபிளாப்ஸ் இறக்கி, மஞ்சள் காகிதத்தைக் கிழித்தேன். பனி மூடிய ரன்வேயில் ஏ320ஐக் குறைத்த விசையில் கிளப்பக் கூடாது, முழு விசைதான். என்ஜினில் பனி உறையாமல் காக்கும் ஆன்டி ஐஸ் தொடக்கத்திலிருந்தே ஆன். 10 டிகிரியோ அதற்குக் கீழோ, கூடவே காற்றில் கண்ணுக்குத் தெரியும் ஈரம், இரண்டும் சேர்ந்தால் அது ஆனில் இருக்க வேண்டும். மகள் செக்லிஸ்டில் அதைப் படிக்கும்போது, பொத்தானின் விளக்கை விரலால் தொட்டுக் காட்டச் சொல்வேன். 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் கிளம்பிய போயிங் 737இல், செக்லிஸ்டில் அந்தக் கேள்விக்கு ‘ஆஃப்’ என்றே பதில் வந்தது. உணர்கருவி உறைந்து, என்ஜின் நிஜத்தில் கொடுப்பதைவிடக் கூடுதலான விசையைக் காட்டியது. விமானம் பாலத்தில் மோதி பொட்டோமாக் ஆற்றில் விழுந்து 78 பேர் இறந்தார்கள். தினமும் ஒரே பதில் சொல்லிப் பழகிய வாய், கண் பார்ப்பதற்கு முன் பதில் சொல்லிவிடும். அதனால்தான் விரலால் தொடுவது.

ஏற்றமும் நடுவானும் சுருக்கம். மிச்சிகன் ஏரியைக் கடந்து, கிளீவ்லேண்ட் பக்கமாகப் பென்சில்வேனியா. குளிர்காலத்தில் பின்னாலிருந்து ஜெட் காற்று நன்றாகத் தள்ளும், நேரம் பறந்துவிடும். அந்த அமைதியில்தான் இறங்குவதற்கான எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். கீழே போன பிறகு நேரம் கிடைக்காது.

மில்டனுக்கு மேலே சுற்றச் சொன்னார்கள். லகார்டியாவுக்கு மேற்கிலிருந்து வருகிறவர்களை வரிசைப்படுத்தும் இடம் அது. சுற்ற ஆரம்பிக்கும் முன்பே காகிதத்தில் ஒரு எண்ணை எழுதினேன்: 4.9. இங்கிருந்து லகார்டியா, அங்கே முடியாவிட்டால் பிட்ஸ்பர்க், அதற்கு மேல் கையிருப்பு, எல்லாம் சேர்த்து 4.9 டன். அதைத் தொட்டால் கேள்வியே இல்லை, பிட்ஸ்பர்க் கிளம்ப வேண்டும். இந்த எண்ணைச் சுற்றத் தொடங்கும் முன்பே எழுதுவது முக்கியம். சுற்றிக்கொண்டே யோசித்தால் ‘இன்னும் ஒரு சுற்று’ என்று மனம் இழுக்கும். ஃபிளாப்ஸ் எல்லாம் உள்ளே, ஆன்டி ஐஸ் ஆன். 22 நிமிடத்தில் விட்டார்கள், கையில் 5.5 டன்.

இறங்கும்போது 18,000 அடியில் உயரமானியின் அழுத்த அளவை மாற்ற வேண்டும். அமெரிக்காவில் அந்த உயரத்துக்கு மேல் எல்லாரும் 29.92 பாதரச அங்குலம், கீழே வந்தால் உள்ளூர் அளவு. அன்று 29.42. ஒரு அங்குல வித்தியாசம் சுமார் ஆயிரம் அடி. மாற்ற மறந்தால் உயரமானி காட்டுவதைவிட நாம் 500 அடி தாழ்வாக இருப்போம். புயல் நாளில் அழுத்தம் குறைவு என்பதால் தவறு எப்போதும் தரைப் பக்கமாகவே இழுக்கும். சென்ற ஆண்டு ஒரு முறை மறந்து, புரூக்லின் கட்டடங்களை எதிர்பாராத அளவில் பார்த்தேன். இப்போது 18,000 வந்ததும் மகள் “அழுத்தம்” என்று சத்தமாகச் சொல்வாள்.

லகார்டியாவின் இரண்டு ரன்வேயும் சுமார் 7,000 அடிதான், 2,135 மீட்டருக்குக் கிட்ட. ஓஹேரில் நாம் விட்டுவந்ததில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். ரன்வே 4இன் மறுமுனை தண்ணீர் மேல் தூண்களில் நிற்கிறது. எஃப்ஏஏ 2016 முதல் ரன்வேயின் நிலையை 0 முதல் 6 வரை எண்ணில் சொல்கிறது, ரன்வேயை மூன்று பாகமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். 6 என்றால் உலர்ந்தது, 0 என்றால் இறங்கவே கூடாது. சிமுலேட்டர் இதைச் சொல்லாது. நிஜ லகார்டியாவின் அன்றைய அறிவிப்பைப் பார்த்தேன்: 3, 3, 3. நடுத்தரப் பிடிமானம். என் செயலியில் போட்டால், பாதுகாப்பு மிச்சத்தோடு சேர்த்து 1,850 மீட்டர் வேண்டும் என்றது. கையில் மிச்சம் 300 மீட்டர்கூட இல்லை.

அந்த 300 மீட்டர் எவ்வளவு என்பது முந்தைய முயற்சியில் தெரிந்தது. பூப்போல இறக்க வேண்டும் என்று கடைசியில் மூக்கைத் தூக்கிப் பிடித்தேன். விமானம் மிதந்தது. நாலைந்து நொடிதான். நொடிக்கு 70 மீட்டர் என்றால், மிச்சம் முழுவதும் காற்றிலேயே கரைந்துவிட்டது. ரன்வே முடிந்த பிறகுதான் நின்றேன். முனையில் விமானத்தைப் பிடித்து நிறுத்த நொறுங்கும் சிமெண்ட் படுகை போட்டிருக்கிறார்கள், அதன் மேல்.

இந்த முறை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன், “டங்குனு இறங்கும், பயப்படாத.” மேகத்துக்குள்ளிருந்து 550 அடி வாக்கில் விளக்குகள் தெரிந்தன. அதற்கு முன் பனி கண்ணாடியில் நேராக நம் முகத்தில் வந்து விழுவது போலிருக்கும். வெளியே பார்க்கப் பார்க்க விமானம் ஒரு பக்கம் நகர்கிற மாதிரி தோன்றும். கருவிகளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பதுதான் அதற்கு மருந்து. தானாகப் பிரேக் பிடிக்கும் ஆட்டோபிரேக் மீடியத்தில். தொடும் இடத்தில், தயங்காமல், அழுத்தமாகத் தொட்டேன். சக்கரம் ஈரப்படலத்தையும் பனியையும் வெட்டிக்கொண்டு தரையைப் பிடிக்க அந்த அழுத்தம் வேண்டும். உடனே, என்ஜின் காற்றை முன்பக்கம் திருப்பி வேகம் குறைக்கும் ரிவர்ஸ், முழுதாக.

ரிவர்ஸ் விஷயத்தில் ஒரு குறிப்பு. 2015 மார்ச் 5 அன்று இதே லகார்டியாவில் ரன்வே 13இல் இறங்கிய எம்டி-88 பனியில் இடப்பக்கம் சறுக்கி, விரிகுடாக் கரையின் மேட்டில் மூக்கை நீட்டியபடி நின்றது. யார் உயிரும் போகவில்லை. அந்த விமானத்தின் என்ஜின்கள் வால் பக்கம் இருப்பவை. ரிவர்ஸ் அதிகமானால் காற்று சுக்கானுக்குப் போகாமல் மறைந்துவிடும், திசை பிடிக்க முடியாது. ஏ320இன் என்ஜின்கள் இறக்கைக்குக் கீழே இருப்பதால் நாம் தைரியமாக இழுக்கலாம். வேறு விமானத்துக்கு மாறும்போது இந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டுபோகாதீர்கள்.

நின்றோம். மிச்சம் கொஞ்சம் ரன்வே முன்னால் வெள்ளையாகக் கிடந்தது. மகள் டைமரைக் கையில் வைத்துக்கொண்டு, “இத அம்மாகிட்ட குடுத்துட்டு வரேன்” என்று எழுந்து ஓடினாள்.

சென்ற பிப்ரவரியில் அலுவலக வேலையாக மறுபடி நியூயார்க் போக வேண்டியிருந்தது. ஜன்னல் சீட்டைக் கேட்டு வாங்கினேன், இறக்கைக்குச் சற்றுப் பின்னால். மெல்லிய பனி. முதலில் ஆரஞ்சு வழிந்து ஓடியது, பிறகு பச்சை. பச்சை இறக்கையின் நுனியில் விழுந்த நொடியில் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்: 4:52. பக்கத்தில் இருந்தவர் எவ்வளவு தாமதமாகுமோ என்று பெருமூச்சு விட்டார். 5:17க்கு ரன்வேயில் திரும்பினோம். ஓடத் தொடங்கியதும் பச்சைத் திரவம் சுருக்கம் சுருக்கமாகப் பின்னோக்கி வழிந்தது, சக்கரம் தரையைவிட்டு எழும்பும்போது இறக்கை துடைத்த பாத்திரம் போலப் பளபளத்தது.